டிமென்ஷியா வந்த பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது: சொந்த வீடா, பகல் நேர மையமா, இல்லமா?

டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு, நம் வீடுகளில் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தொடங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து, நாளை டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகனுக்கு விடுப்பு முடியப்போகிறது. உள்ளூரில் இருக்கும் மகளுக்கோ ஏற்கெனவே முதுகு வலி. இந்த அவசரத்தில் யார் கையில் எந்தத் தொலைபேசி எண் இருக்கிறதோ அந்தப் பராமரிப்பு இல்லம், அல்லது எந்த ஏஜென்சி அன்றைக்கே ஆள் அனுப்புகிறதோ அந்த ஆள் என்று முடிவாகிவிடுகிறது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ஒரு மனிதர் எப்படி வாழப்போகிறார் என்பதைத் தீர்மானிக்கும் முடிவு இது. நோய் என்ன என்று மருத்துவர் சொன்ன அந்த மாதத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

இது ஏதோ சில குடும்பங்களின் துயரம் அல்ல. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடியால் மெல்லக் கட்டிய இரத்தம் ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதேபோல, ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர் திடீரென்று இரண்டு நாளில் ஆளே மாறிப்போய், கத்தி, அடித்து, தூங்காமல் இருந்தால் அது நோய் முற்றியதால் என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, சொல்லத் தெரியாத வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பின்னால் இருக்கக்கூடும். அந்த வாரத்தில், இல்லத்தில் சேர்ப்பதா என்று எடுக்கும் முடிவு தவறாகப் போக வாய்ப்பு அதிகம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

முறை வைத்துப் பார்த்துக்கொள்வது

பெரிய மகன் வீட்டில் மூன்று மாதம், சின்னவன் வீட்டில் மூன்று மாதம், மகள் வீட்டில் தீபாவளி வரை. சொத்துப் பிரிப்பைப் போலவே பொறுப்பையும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு பிள்ளைகளுக்கு நியாயமாகத் தெரியும். டிமென்ஷியா உள்ளவருக்கோ இதைவிடக் கொடுமையான ஏற்பாடு வேறில்லை. கட்டிலிலிருந்து இறங்கினால் இடப்பக்கம் கழிவறை என்பதை மூளை மறந்தாலும் கால் நினைவில் வைத்திருக்கும். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மிச்ச நினைவும் அழிகிறது. என் பெரியம்மா ஒரு வீட்டில் தானாகக் கழிவறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்கு மாற்றியபின் கதவு தெரியாமல் அலமாரியைத் திறந்துகொண்டு நின்றார். அந்தத் திறமை பிறகு திரும்பவே இல்லை.

பிள்ளைகள் பலர் இருந்தால் பெற்றோரை நகர்த்தாமல் பிள்ளைகள் நகரட்டும். அவர் இருக்கும் வீட்டுக்கு ஒவ்வொருவரும் வந்து தங்கிப் பார்க்கலாம். அது முடியாதவர்கள் பணமாகக் கொடுக்கலாம். மாதம் எவ்வளவு என்பதை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு குறையும்.

வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பது

நோயின் முதல் நிலையிலும் இடைநிலையிலும் பழகிய வீடே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தன் நாற்காலி, தன் டம்ளர், வாசலில் கோலம், எதிர்வீட்டுக்காரரின் குரல் ஆகியவை மருந்து செய்யாத வேலையைச் செய்கின்றன. ஆனால் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் யார், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடாமல் முடிவெடுக்கக் கூடாது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஏஜென்சிகள் 12 மணி நேரத்துக்கு ஆள் அனுப்புகின்றன. 24 மணி நேரம் தங்கிப் பார்க்கும் ஆளையும் அனுப்புகின்றன. இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தங்கியிருக்கும் பெண்மணியும் தூங்க வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் தொடங்கி, நள்ளிரவில் எழுந்து நடப்பதும் கதவைத் தட்டுவதும் வழக்கமாகிவிடும். பகல் முழுவதும் பார்த்த ஒருவரே இரவும் விழித்திருக்க வேண்டுமென்றால், இரண்டாவது வாரத்தில் ஒன்று அவர் ஓடிவிடுவார், அல்லது நோயாளியைத் தூங்கவைக்க மாத்திரை கேட்பார். இரவு விழிப்பு தொடங்கிவிட்டால் இரண்டு ஆட்கள் தேவை. அப்போது செலவும் இரட்டிப்பாகும். வீடு மலிவு, இல்லம்தான் செலவு என்ற எண்ணம் இங்கே உடைந்துவிடுகிறது.

மொழியையும் பாருங்கள். பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்கும்; தாய்மொழி அதிக காலம் நிற்கும். ஆங்கிலத்திலேயே அலுவலகம் நடத்திய அதிகாரி கடைசியில் தன் ஊர்த் தமிழுக்குத் திரும்பக்கூடும். மதுரையில் வாழ்நாள் முழுவதும் வெளியில் தமிழ் பேசிய ஒரு பாட்டி, வீட்டுச் சௌராஷ்டிரத்துக்குத் திரும்பிவிடக்கூடும். வட மாநிலத்திலிருந்து வந்து நல்ல மனத்தோடு உழைக்கும் பெண்ணாக இருந்தாலும், ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்வது புரியாவிட்டால் நோயாளியின் பாடு திண்டாட்டம்தான். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், கைப்பிடி வேண்டும். இரவில் கழிவறை வரை விளக்கு எரியட்டும். சமையல் முடிந்ததும் எரிவாயு ரெகுலேட்டரை மூடுங்கள். மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். சட்டைப் பையிலோ கழுத்துச் சங்கிலியிலோ ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும்.

சம்பளத்துக்கு வரும் ஆள் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். பொறுப்பு வீட்டில் உள்ள ஒருவரிடமே இருக்கிறது. பெரும்பாலும் அது மருமகள், அல்லது எழுபது வயதைத் தாண்டிய மனைவி. ஆள் வராத நாளில் தூக்கிக் குளிப்பாட்டுவது அவர்தான். ஆளோடு சச்சரவு வந்தால் இடையில் நிற்பதும் அவர்தான். குடும்பக் கூட்டத்தில் ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெருமையாகச் சொல்பவர் யார், உண்மையில் பார்க்கப்போவது யார் என்று கவனியுங்கள். இருவரும் ஒருவராக இல்லாவிட்டால், பார்க்கப்போகிறவரின் வாயிலிருந்து வரும் பதிலே முடிவாக இருக்கட்டும்.

கிராமத்தில் கணக்கு வேறு. அங்கே ஏஜென்சியும் கிடையாது, இல்லமும் அருகில் இராது. ஆனால் தெருவில் தடுமாறி நடப்பவரை ‘பெரியப்பா, வாங்க, வீட்டுக்குப் போகலாம்’ என்று கையைப் பிடித்து அழைத்துவர ஆட்கள் உண்டு. திறந்த கிணறும் நெடுஞ்சாலையும்தான் அங்கே பயம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். படுக்கையில் விழுந்துவிட்டவர் இருக்கும் வீடுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பகல் நேர மையம்

காலையில் கொண்டு விட்டு, மாலையில் அழைத்து வருவது. என் கணக்கில் கொடுக்கும் பணத்துக்கு அதிகம் கிடைப்பது இங்கேதான். நோயாளிக்குப் பாட்டு, நடை, கைவேலை, கூட்டாகச் சாப்பாடு என்று ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. பகலில் அசையாமல் தூங்கி இரவில் விழிப்பது குறைகிறது. பார்த்துக்கொள்பவருக்கு வங்கிக்குப் போகவும், தூங்கவும், வேலையை விடாமல் இருக்கவும் நேரம் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர்களில் இத்தகைய மையங்கள் மிகக் குறைவு. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் எனும் மனநல நிறுவனம், டிமென்ஷியாவுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் 1992இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. எனும் டிமென்ஷியா நோயாளிகளுக்கான அமைப்பு இதற்கு வழிகாட்டியது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை இத்தகைய மையத்தை நடத்துகிறது. பெருநகரத்தில் இருந்தாலும், போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து போவதென்றால் பலன் கெட்டுவிடும். அருகில் இருந்தால் மட்டும், முதல் இரண்டு நிலைகளில், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

சாதாரண முதியோர் இல்லம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான முதியோர் இல்லங்கள், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், நடமாட்டம் உள்ள முதியவர்களுக்காக அமைந்தவை. சேர்க்கை விண்ணப்பத்திலேயே இதை எழுதி வாங்குவார்கள். ‘கொஞ்சம் மறதி, அவ்வளவுதான்’ என்று நோயை மறைத்துச் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. சில வாரங்களில் அவர் பக்கத்து அறைக்காரரின் பெட்டியைத் திறப்பார், இரவில் கேட்டைத் தாண்டுவார். பிறகு தொலைபேசி வரும், ‘உடனே வந்து அழைத்துப் போங்கள்’ என்று. அதைவிட மோசமானது, தொலைபேசி வராமல் ஓர் அறையில் பூட்டி வைப்பது. நோயின் பெயரைச் சொல்லியும் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் தந்தால் மட்டுமே யோசியுங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகியுள்ள மூத்த குடிமக்கள் குடியிருப்புகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு நோய், மற்றவர் நலமாக இருக்கிறார் என்றால், சமையல், மருத்துவர், துணை எல்லாம் வளாகத்திலேயே கிடைக்கும் இந்த ஏற்பாடு அந்த மற்றவரையும் காப்பாற்றுகிறது. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: நோய் முற்றினால் அங்கேயே பார்ப்பார்களா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா?

டிமென்ஷியாவுக்கென்றே உள்ள இல்லம்

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் குழம்புகின்றன, ஏமாறுகின்றன. கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இரவு எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் என்பதைக் கேட்பவர் குறைவு. பகலில் பார்வையாளர் வரும் நேரத்தில் எல்லா இல்லங்களும் நன்றாகவே இருக்கும். மாலை ஆறு மணிக்கு, சொல்லாமல் போய்ப் பாருங்கள். பதற்றம் தொடங்கும் நேரம் அது. வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்துத் தொலைக்காட்சியைப் போட்டிருக்கிறார்களா, யாராவது அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா? நாற்காலியோடு துணியால் கட்டியிருக்கிறார்களா? சிறுநீர் வாடை அடிக்கிறதா? பணியாளர் முதியவரைப் பெயர் சொல்லி, உறவுமுறை சொல்லி அழைக்கிறாரா, ‘ஏய் உட்காரு’ என்கிறாரா?

பிறகு பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி. ‘என் அப்பா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்?’ நல்ல இல்லம் உடனே பதில் சொல்லும்: கொஞ்ச நேரம் விட்டுப் பிடிப்போம், வேறொருவரை அனுப்புவோம், அவர் எப்போது குளித்துப் பழகியவர் என்று கேட்டுக்கொள்வோம், இன்றைக்கு உடம்பைத் துடைத்துவிட்டு நாளை பார்ப்போம். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் நான் வேறு இடம் தேடுவேன்.

மருந்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கத்துபவர்களை அடக்க மனநோய் மருந்துகளைக் கொடுத்துத் தூங்கவைப்பது பல இடங்களில் வழக்கம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. சில நேரம் அவை தேவைப்படலாம். தேவை என்று எந்த மருத்துவர் சொன்னார், எவ்வளவு நாளைக்கு, குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்களா என்பது தெரிய வேண்டும்.

சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை இருந்து பாருங்கள். முற்றிய நிலையில் ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரம்கூட ஆகும். அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரக்கூடும்; இந்த நோயில் உயிர் போவதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்களா, அதை எழுதி வைக்கிறார்களா என்று கேட்டு, அந்த நோட்டையும் வாங்கிப் பாருங்கள். படுக்கைப் புண் வருவதும் வராததும் அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

பதிவுச் சான்றும் முக்கியம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை வரையறுக்கும்போது நினைவும் இடம் காலம் பற்றிய உணர்வும் குலைவதையும் சேர்த்தே சொல்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் கோபப்படும் இடம் வேண்டாம்.

சேர்த்த முதல் வாரங்களில் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று அழுவார். நெஞ்சு உடையும். ஆனால் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த சொந்த வீட்டில் இருந்துகொண்டே அந்திநேரத்தில் இதே சொல்லைச் சொல்லும் முதியவர்களை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அவர் தேடுவது பெரும்பாலும் சிறுவயதில் தாய் இருந்த வீடு. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து இல்லம் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். அதற்காக அவர் சொல்வதையெல்லாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம்: உடம்பில் புதுக் காயம், திடீர் எடைக் குறைவு, ஒரு குறிப்பிட்ட பணியாளரைக் கண்டதும் ஒடுங்குவது ஆகியவை வேறு வகை. முடிந்தால் முதலில் இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வசதி உள்ள இடத்தைப் பாருங்கள். பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வும் கிடைக்கும், இடத்தின் தரமும் தெரிந்துவிடும்.

பணமும் கையெழுத்தும்

நோய் தெரிந்தபின் 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். அதற்கு மேல் வாழ்பவர்களும் உண்டு. எனவே மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் எட்டு ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஆண்டுகளுக்கு 38,40,000 ரூபாய். டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரி, தனி உதவியாளர் ஆகியவை பல இடங்களில் கட்டணத்துக்கு வெளியே. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றுவார்கள், நோய் முற்றினால் கட்டணம் மாறுமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இல்லத்தில் தங்கும் செலவைத் தராது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு 2024இல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மட்டும்தான்.

இதைவிட அவசரமானது கையெழுத்து. அப்பாவிடம் பவர் பத்திரம் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரம்) எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை என்று பலர் இருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகிறது. மிகவும் தேவைப்படும் காலத்தில் அது உதவாது. பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்க வேண்டியிருக்கும். நோயின் தொடக்கத்தில், அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, வங்கிக் கணக்கில் இணைப் பெயர், உயில், மனநலச் சட்டம் அனுமதிக்கும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் (பின்னால் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று இப்போதே எழுதி வைப்பது) ஆகியவற்றை முடித்துவிடுங்கள். அப்போதே, ‘பின்னால் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் அப்பா?’ என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே அவருக்காக முடிவெடுத்துவிடுகிறோம். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எப்போது மாற்றுவது

‘அவருக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியவில்லையே, எங்கே இருந்தால் என்ன’ என்பதைக் காரணமாக ஏற்க மாட்டேன். பெயர் மறந்தாலும் பரிவான கையும் கடுமையான குரலும் அவருக்குக் கடைசிவரை தெரியும். நான் ஏற்கும் காரணங்கள் வேறு. வாரத்தில் பாதி இரவுகள் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. தூக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர்தான் இருக்கிறார். அடியும் கடியும் தொடர்கின்றன. பார்த்துக்கொள்ளும் மனைவிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுமீறிவிட்டன. பொறுமை இழந்து கை ஓங்கிவிட்டதாக யாரோ அழுதுகொண்டே சொல்கிறார்கள். இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், ஊர் வாய்க்குப் பயந்து காலம் தள்ளாதீர்கள். நல்ல இல்லம் கிடைக்குமென்றால், அங்கே சேர்ப்பது கைவிடுவது ஆகாது. சேர்த்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் கைவிடுவது.

சேர்க்கும் நாளில் துணிமணிகளோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். என்ன வேலை பார்த்தார், வீட்டில் அவரை எப்படி அழைப்பார்கள், காபியில் எவ்வளவு சர்க்கரை, எந்தச் சாமி பாட்டுக்கு அமைதியாவார், இருட்டுக்குப் பயமா, எந்தக் காதில் கேட்கும், வலித்தால் முகம் எப்படி மாறும், எந்தப் பேச்சை எடுத்தால் அழுவார். பெரிய எழுத்தில், தமிழில் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் பணியாளர்கள் அதைப் படித்திருக்கிறார்களா என்று முதல் வாரத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள்.